டயாலிசிஸ் செய்யும் அப்பாவுக்கு ராத்திரித் தூக்கமே இல்லை. தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பாவுக்கு 61 வயது, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திங்கள், புதன், வெள்ளி ஊட்டிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். மெஷினில் போட்ட கொஞ்ச நேரத்தில் நன்றாகத் தூங்கிவிடுகிறார். வீட்டில் ராத்திரி படுத்தால் அரை மணியில் எழுந்து கூடத்தில் நடக்க ஆரம்பிக்கிறார். உடம்பு அரிக்கிறது என்றும் சொல்கிறார். அம்மாவும் கூடவே விழித்துக் கிடக்கிறார். "டயாலிசிஸ் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் ஒருவர் ஆல்பிரசோலம் அரை மாத்திரை போடச் சொன்னாராம். கொடுக்கலாமா?

கேட்டிருப்பது மாத்திரையைப் பற்றி. ஆனால் இதைச் சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டுமா, சரிசெய்ய வழி உண்டா என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது என்று எனக்குப் படுகிறது. பெரும்பாலும் வழி உண்டு. காய்ச்சல் வந்தால் எதனால் வந்தது என்று தேடுவதுபோல, இதிலும் எது அவரை எழுப்புகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது தெரியாமல் போடும் மாத்திரை உதவாது, சில சமயம் கெடுதலும் செய்யும்.

நான் டாக்டர் இல்லை. நீலகிரியில் டயாலிசிஸ் பிரிவில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மருந்தின் அளவை நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். உங்கள் அப்பாவை நான் பார்த்ததும் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்து எங்கே தேடலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

டயாலிசிஸ் செய்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்காவது ஏதோ ஒரு தூக்கப் பிரச்சினை இருக்கிறது. இதில் சந்தேகம் இல்லை, எந்த நாட்டில் கணக்கெடுத்தாலும் இப்படித்தான் வருகிறது. தூக்கம் மோசமானவர்களுக்கு மனச்சோர்வு அதிகம், நடமாட்டம் குறைவு, வாழ்க்கைத் தரம் பற்றிக் கேட்டால் எல்லாக் கேள்விக்கும் தாழ்வாகவே பதில் சொல்கிறார்கள். பல நாடுகளில் டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு பெரிய ஆய்வில், தூக்கம் மோசமானவர்களிடையே இறப்பும் அதிகம் என்று தெரிந்தது. இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். தூக்கம் கெட்டதால் உடம்பு மோசமானதா, உடம்பு மோசமாக இருந்ததால் தூக்கம் கெட்டதா என்று இந்த மாதிரி ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: அப்பாவின் தூக்கம் சின்ன விஷயம் இல்லை, யூனிட்டில் சொல்ல வேண்டிய விஷயம். நிறைய பேர் சொல்வதே இல்லை. நாங்களும் எடை, பிரஷர், ஊசி குத்தும் இடம் என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம்.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது "எழுந்து நடக்கிறார்" என்பது. வெறுமனே தூக்கம் வராதவர் படுத்தபடி புரளுவார், மோட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், டிவியைப் போடுவார். நடந்தால்தான் நிம்மதி என்று எழுபவருக்குப் பெரும்பாலும் கால் குடைச்சல் இருக்கும். வலி என்று சொல்லவும் முடியாது; உள்ளே ஏதோ ஊர்கிறது, இழுக்கிறது, காலை ஆட்டியே ஆகவேண்டும் என்பார்கள். உட்கார்ந்தாலும் படுத்தாலும் வரும், நடந்தால் விடும், சாயங்காலத்துக்கு மேல் கூடும். இந்த மூன்றும் பொருந்தினால் அநேகமாக அதுதான். மெஷினிலேயே இதைப் பார்க்கலாம். மூன்றாவது மணி நேரம் தாண்டியதும் கம்பளிக்குள் ஒரு கால் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும், குதிகால் கட்டில் கம்பியில் தேய்ந்து தேய்ந்து சாக்ஸ் அந்த இடத்தில் ஓட்டையாகியிருக்கும். "சிஸ்டர், அரை மணி முன்னாடியே எடுத்துடுங்க" என்று கெஞ்சுகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இந்தக் கால்தான். அப்படி முன்னாடியே எடுத்தால் டயாலிசிஸ் குறைகிறது, கழிவு தங்குகிறது, தூக்கம் இன்னும் கெடுகிறது. அப்பா மெஷினில் நன்றாகத் தூங்குகிறார் என்கிறீர்கள், ஆகவே இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். "கால் எப்படியிருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லை" என்பார். "நடந்தா சரியாப் போகுதா?" என்று கேளுங்கள், பதில் வரும்.

கால் குடைச்சல் என்று தெரிந்தால் டாக்டர் முதலில் பார்ப்பது இரும்புச் சத்து. ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்று இரண்டு ரத்தப் பரிசோதனை இருக்கும். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடித் தெரியும், அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். டயாலிசிஸ் செய்பவருக்கு ஃபெரிட்டின் 200க்குக் கீழும் மற்றது 20 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால், குடைச்சலுக்கு நரம்பு வழியாக இரும்புச் சத்து ஊசி போடலாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதல் சொல்கிறது. அடுத்தது, அவர் சாப்பிடும் மாத்திரைகள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, அரிப்புக்குக் கொடுக்கும் அவில் போன்ற தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்துகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் எல்லாமே குடைச்சலைக் கூட்டும். இதைக் கவனியுங்கள்: அரிப்பு என்று அவில் போடுகிறார்கள், தூக்கமும் வரும் என்று நினைக்கிறார்கள், ராத்திரி கால் இன்னும் குடைகிறது, மனிதர் எழுந்து நடக்கிறார். வீட்டில் இருக்கும் எல்லா மருந்து அட்டையையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை எடுத்துப் போய்க் காட்டுங்கள். நாட்டு மருந்துப் பொடி ஏதும் சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள்.

இதற்கும் சரிவராவிட்டால் காபாபென்டின் என்றொரு மருந்து தருவதுண்டு. அரிப்புக்கும் கேட்கும் என்பதால் உங்கள் அப்பாவுக்கு டாக்டர் அதை யோசிக்கக்கூடும். ஆனால் அது சிறுநீரகம் வழியாக மட்டுமே வெளியேறுவது. மற்றவர்களுக்குத் தரும் அளவை இவருக்குத் தந்தால் உடம்பில் தேங்கி, தலை சுற்றும், பேச்சு குழறும், விழுந்து எலும்பு முறியும். அதனால்தான் டயாலிசிஸ் முடிந்த பிறகு, மிகக் குறைந்த அளவில் தருவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் எரிச்சலுக்கு எழுதிக் கொடுத்ததை வாங்கிப் போட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

இன்னொரு காரணம் மூச்சு. இதில் கொஞ்சம் அவசரம் உண்டு. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை மூன்றாகிவிட்டது, நடு ராத்திரி எழுந்து ஜன்னல் பக்கம் போய் உட்கார்கிறார் என்றால் அதைத் தூக்கப் பிரச்சினை என்று நினைத்துக் காத்திருக்கக்கூடாது. நுரையீரலில் தண்ணி ஏறுகிறது என்று அர்த்தம். அன்றைக்கே யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள். மூச்சு வாங்குவது அதிகமானால் 108. எந்த ராத்திரி மோசம் என்பதும் ஒரு துப்பு. திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுவது சனி, ஞாயிறு. ஞாயிறு ராத்திரிதான் மோசம் என்றால் தண்ணியையும் உப்பையும் சந்தேகப்படலாம். டயாலிசிஸ் ஆன அன்றைக்கே ராத்திரி மோசம், கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது என்றால், ஒரே தடவையில் அதிகத் தண்ணி எடுக்க வேண்டியிருந்திருக்கும், அல்லது டிரை வெயிட்டை, அதாவது அதிகத் தண்ணி இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான், உப்பைக் குறைப்பது. தண்ணியைக் குடிக்காதே என்று திட்டுவதில் பலன் இல்லை. ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்டவருக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும். 60 கிலோ எடை உள்ளவருக்கு இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இரண்டரைக் கிலோவுக்குள் ஏறினால் எங்களுக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி.

குறட்டையையும் அம்மாவிடம் விசாரியுங்கள். சத்தமாகக் குறட்டை விட்டு, திடீரென்று நின்று, சில நொடி கழித்து மூச்சுத் திணறினாற்போல மறுபடி தொடங்குகிறதா? பகலெல்லாம் காலில் தேங்கியிருந்த நீர், படுத்ததும் மேலே கழுத்துப் பக்கம் வந்து தொண்டையைக் குறுக்கும். அதனால் ஒல்லியான டயாலிசிஸ் நோயாளிக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்பது வரும். டொராண்டோவில் 14 பேரைச் சாதாரண டயாலிசிஸிலிருந்து ராத்திரி முழுக்க மெதுவாக நடக்கும் டயாலிசிஸுக்கு மாற்றியபோது, மணிக்குச் சராசரியாக 25 முறை தடைபட்ட மூச்சு 8 முறையாகக் குறைந்தது. 2001ல் வெளிவந்த ஆய்வு இது. அந்த வசதி நம் மலையில் கிடைக்காவிட்டாலும், உடம்பில் தண்ணி தேங்காமல் பார்த்துக்கொண்டால் ராத்திரி மூச்சும் சீராகும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

"மலை உயரம் காரணமா, கோயம்புத்தூர் பக்கம் குடிபோகலாமா" என்று நிறைய பேர் கேட்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர், கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். உயரத்தில் தூக்கத்தின்போது மூச்சு தாறுமாறாவது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் இதைவிட உயரமான இடங்களுக்குப் புதிதாகப் போகிறவர்கள் கதை. பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறவருக்கு அதைச் சொல்லிப் பயமுறுத்த ஆதாரம் போதாது. சொல்லப்போனால், அமெரிக்காவில் உயரமான ஊர்களில் வசிக்கும் டயாலிசிஸ் நோயாளிகளிடையே இறப்பு சமவெளியை விடச் சற்றுக் குறைவு என்று 2009ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்டின் ஊசியும் அங்கே குறைவாகவே தேவைப்பட்டது. அதை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் வீட்டை விற்றுக் கீழே இறங்குவதற்கு இதை ஒரு காரணமாக நான் சொல்ல மாட்டேன்.

குளிர் வேறு விஷயம், அது நிஜமாகவே படுத்தும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ரத்தம் குறைவாக இருக்கும், மற்றவர்களை விட அதிகமாகக் குளிரும். டிசம்பர், ஜனவரியில் தோல் வறண்டு அரிப்பு இரட்டிப்பாகும்; அதற்கு மேல் சுடச்சுடத் தண்ணீர் விட்டுக் குளித்தால் இன்னும் வறளும். வெதுவெதுப்பாகக் குளித்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ மருந்துக்கடை மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். அரிப்புக்குப் பாஸ்பரஸ் கூடியிருப்பதும் காரணமாகலாம். பாஸ்பரஸுக்குக் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் அது வீண். குளிருக்காக அறைக்குள் கரி கணப்பு வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். கரியிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு யாரையும் கொல்லும், ரத்தம் குறைந்தவரை இன்னும் சீக்கிரம் கொல்லும். மெஷினிலும் குளிர்கிறது என்றால் டெக்னீஷியனிடம் கேளுங்கள். பிரஷர் இடம் கொடுத்தால் மெஷினில் ஓடும் டயாலிசிஸ் திரவத்தின் வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்ட முடியும். குளிர்ந்த திரவம் இதயத்துக்கு நல்லது என்று எல்லாருக்கும் போட்டுப் பார்த்த கனடா ஆய்வு ஒன்றில், அப்படி ஒரு நன்மையும் தெரியவில்லை, நோயாளிகள் நடுங்கியதுதான் மிச்சம்.

அப்புறம் டீ. நீலகிரிக்காரரிடம் டீயைக் குறை என்று சொல்ல எனக்கே வாய் வராது. தொழிற்சாலையில் இருந்தவர், நாளைக்கு ஐந்தாறு டீயும் வர்க்கியும் பழகியிருக்கும். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குக் குடித்த டீயின் காஃபீனில் பாதி, ராத்திரி ஒன்பதுக்கும் உடம்பில் இருக்கும். டீ சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது, அது குடிக்கும் தண்ணிக் கணக்கிலும் சேரும். மதியத்துக்கு மேல் வேண்டாம், காலையில் சின்னக் கிளாஸில் இரண்டு போதும் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் தூங்குவதைப் பற்றி. நாலு மணி நேரம் அங்கே தூங்கிவிட்டு, திரும்பும் வழியில் வண்டியில் ஒரு தூக்கம், வீட்டுக்கு வந்து களைப்பில் இன்னொரு தூக்கம் என்றால் ராத்திரிக்கு என்ன மிச்சம் இருக்கும்? முதல் ஷிப்டுக்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுகிறவருக்கு மெஷினில் கண் சொக்கத்தான் செய்யும், அதைக் குறை சொல்லவில்லை. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ராத்திரியில் சுரக்க வேண்டிய மெலடோனின் சரியாகச் சுரப்பதில்லை என்பதும் தெரிந்த விஷயம். அதை மாத்திரையாகக் கொடுத்தால் முதல் சில மாதம் பலன் தெரிந்தது, ஒரு வருடம் தொடர்ந்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. இயற்கை மருந்துதானே என்று கடையில் வாங்காமல் இருப்பது நல்லது. பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் நடப்பது, மெஷினில் முதல் இரண்டு மணி நேரத்தில் படுத்தபடியே கால்களுக்குப் பயிற்சி செய்வது ஆகியவற்றுக்குக் குடைச்சலிலும் தூக்கத்திலும் ஓரளவு பலன் இருப்பதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. செலவில்லாதது, யூனிட்டில் சொல்லிக்கொடுக்கச் சொல்லிச் செய்து பார்க்கலாம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்கு ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய்) இருக்கும் கையை மட்டும் தலைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டாம்.

இப்போது மாத்திரை. நீங்களாக ஆல்பிரசோலம் கொடுக்காதீர்கள். மூச்சுத் தடைபடும் பிரச்சினை இருந்தால் அதைக் கூட்டும், பாத்ரூம் போகிற வழியில் விழவைக்கும், நிறுத்த நினைக்கும்போது நிறுத்த விடாது. எழுந்து நடப்பவருக்கு மயக்கம் தரும் மாத்திரை கொடுத்தால் நடப்பது நிற்காது, தள்ளாடி நடப்பார். டாக்டரே பார்த்து எழுதும் மற்ற தூக்க மாத்திரைகளும் இவர்களுக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. அமெரிக்காவில் நாள்பட்ட தூக்கமின்மை இருந்த டயாலிசிஸ் நோயாளிகள் 126 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வீடியோ வழியே தூக்கப் பழக்கத்துக்கான பயிற்சி, ஒன்றுக்கு டிராசோடோன், ஒன்றுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மூன்று குழுவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒரே அளவுதான். டிராசோடோன் சாப்பிட்டவர்களுக்கு இதயம் சார்ந்த கடுமையான பிரச்சினைகள் மட்டும் அதிகம் வந்தன. எந்த நோயாளிக்கும் எப்போதும் தூக்க மாத்திரை கூடாது என்று நான் சொல்லவில்லை. கால், மூச்சு, அரிப்பு எல்லாம் பார்த்த பிறகு டாக்டர் எழுதினால் கொடுங்கள்.

திடீரென்று தூக்கம் போய், விக்கல் நிற்காமல், பேச்சும் குழம்பினால் நட்சத்திரப் பழம் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பர்லியார் பக்கம் சாலையோரக் கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியிருப்பார். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது விஷம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மனசும் காரணமாக இருக்கலாம். "நான் இவங்களுக்குப் பாரமாயிட்டேன்" என்று அவர் ராத்திரியில்தான் யோசிப்பார். சாப்பாட்டில் ஆசை இல்லை, பேரக்குழந்தை வந்தாலும் பேச்சில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அதற்கப்புறம் தூக்கம் இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறு அறையில் தூங்க வழி செய்யுங்கள். அன்றைக்கு நீங்களோ வேறு யாராவதோ அப்பா பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லை என்றால், டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்று யூனிட்டில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கான பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அப்பாவுக்கு அது பொருந்துமா என்று விசாரியுங்கள், மலைப்பாதைப் பயணமாவது மிச்சமாகும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்குக் கால் குடைச்சல் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் குறைவது நன்கு தெரிந்த விஷயம். 61 வயதிலும் அதற்குத் தகுதி உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

உடனே செய்யக்கூடியது: ஒரு வாரத்துக்கு அம்மா ஒரு நோட்டில் குறித்துவைக்கட்டும். எத்தனை மணிக்குப் படுத்தார், எதற்காக எழுந்தார், காலா, மூச்சா, அரிப்பா, குறட்டை நின்று நின்று வந்ததா, பகலில் எவ்வளவு தூங்கினார், கடைசி டீ எப்போது. அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது, மெஷினில் போடுவதற்கு முன் எடை பார்க்கும் நேரத்தில் அதை நர்ஸிடம் கொடுங்கள். ஊசி குத்திய பிறகு யாருக்கும் நிற்க நேரம் இருக்காது. டாக்டர் ரவுண்ட்ஸ் எந்த நாள் என்று கேட்டு, அன்றைக்கு நீங்களும் கூடப் போங்கள். முதல் ஷிப்டில் இருந்தால் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்ற முடியுமா என்றும் அப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். இடம் காலியாக இருக்காது என்றுதான் முதலில் சொல்வார்கள். பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.